வீட்டு மிஸ்ஸும் வீடமைப்புக் கிளார்க்கும்

விடியற்காலை சுபஹுத் தொழுகை முடித்துப் பாண் வாங்கப் போன இடத்தில்தான் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தல் கேட்டது. கணவர் பெயர், பிள்ளைகளின் பெயர் எல்லாம் முறைப்படி சொல்லி முடித்த முஅத்தின், சற்று நிறுத்தி, "எங்கட வீட்டு மிஸ்" என்றார். பேக்கரிக்காரர் கையிலிருந்த பாணைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

எனக்கு முதலில் வந்தது துக்கம் என்று எழுத ஆசைதான். ஆனால் வந்தது வேறு. பிரதேச செயலகத்தில் வீடமைப்புக்குப் பொறுப்பான கிளார்க்காக ஓய்வு பெறும் வரை இருந்தவன் நான். கல்பிட்டிப் பக்கத்தில் யாருக்கு அரச வீடு கிடைத்திருந்தாலும் அதன் பைல் என் கையால்தான் போயிருக்கும். ஆனால் வீட்டு மிஸ் என்ற பட்டம் பரீதா மிஸ் அவர்களுக்கு. மௌத்திலும் அதைக் கொண்டு போகிறாரே என்று மனம் குமுறியது. கண் கலங்கியது அதற்குப் பிறகுதான்.

பரீதா மிஸ் மன்னாரில் பிறந்தவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் விரட்டப்பட்டபோது சிறு பிள்ளையாக வந்து, எங்கள் ஊர் அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலில் இருந்தே படித்து, யுத்தம் முடிந்த பின் எங்கள் அலுவலகத்துக்கு வெளிக்கள உத்தியோகத்தராக வந்தார். அந்த வேலைக்கு என் தம்பியும் விண்ணப்பித்திருந்தான். வந்தாரை வாழ வைத்த ஊர் என்று மேடையில் நாங்கள் பெருமையாகப் பேசுவோம். வேலை என்று வரும்போது அந்தப் பெருமை கொஞ்சம் சுருங்கிவிடும். முதல் நாள் அவர் சலாம் சொன்னபோது நான் பைலில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அவர் கதிரையில் உட்கார்ந்து நான் கண்டது குறைவு. விண்ணப்பதாரியின் வீட்டுக்குப் போவார், நேரே அடுப்படிக்குப் போவார், அங்கே பலகையில் குந்தியிருந்து படிவத்தை நிரப்புவார். ஏன் இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன். அண்ணனை அழைப்பதுபோல் என்னை நானா என்றுதான் அழைப்பார்.

"அடுப்பு எத்தினயெண்டு பாருங்க நானா. குடும்பம் எத்தினயெண்டு தானா தெரியும்" என்றார்.

அவருடைய அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டாது. என்னுடையது பந்தி, உபபந்தி, இணைப்பு என்று நீளும். ஆனாலும் சனங்கள் என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, "மிஸ் இல்லயா?" என்றுதான் கேட்பார்கள். இருங்கள், நான் பார்க்கிறேன் என்றால், "பரவாயில்ல சேர், மிஸ் வரட்டும்" என்பார்கள். என் மேசைக்கு எதிரே கிடந்த வாங்கில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே அவருக்காகக் காத்திருப்பார்கள். அப்போது வயிறு எரிந்ததை இப்போது மறைத்து என்ன பயன்?

பிறகுதான் அந்தச் சிக்கல் வந்தது. அரச திட்டத்தில் வீடு பெற்றவர் குறித்த காலத்துக்குள் அதை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால், கொடுத்தவருக்கு வீட்டுத் தேவை இல்லை என்று விதி சொன்னது. வீடு திரும்ப எடுக்கப்படும். வசதியுள்ளவர் என்று மாதாந்த நிவாரணமும் நிறுத்தப்படும். அந்த வீடுகள் இருந்த திட்டத் தெருவின் உம்மாமார் பலர் மகளுக்கு மாப்பிள்ளை வந்ததும் நொத்தாரிசிடம் போய் வீட்டைச் சீதனமாக எழுதியிருந்தார்கள். தவறு என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொருவருக்கும் கடிதம் போனது. தட்டெழுதியவன் நான்.

ஹாஜரா உம்மா என்ற விதவை அந்தக் கடிதத்தைக் கொண்டு வந்து மிஸ்ஸிடம் நீட்டி, "மகளயும் மருமகனயும் கூட்டிக்கிட்டு நான் இனி எந்த முகாமுக்குப் போறது, மகள்?" என்று கேட்டார். மிஸ் கடிதத்தை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். அன்று முதல் யார் யாருக்கோ மனு எழுதினார். கடைசியில், வீட்டுத் திட்டங்களும் சமூகப் பாதுகாப்பு உதவிகளும் சட்டத்தின் நோக்கப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் பாராளுமன்ற மேற்பார்வைக் குழு எங்கள் அலுவலகத்துக்கே விசாரணைக்கு வருவதாக அறிவித்தது.

சமுகமளிக்கும் உத்தியோகத்தர் பட்டியலைத் தயாரித்தவன் நான். மிஸ்ஸின் பெயரை அதில் போடவில்லை. அது மட்டுமல்ல, அதே நாளில் உச்சமுனைத் தீவில் சேதமான வீடுகளைப் பார்வையிட வேண்டும் என்று ஒரு பயணக் கட்டளை எழுதி, மற்றக் கடிதங்களோடு சேர்த்து அதிகாரியிடம் ஒப்பம் வாங்கினேன். மிஸ் கட்டளையை வாசித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். "சரி நானா" என்றார்.

குழு வந்தது. எனது அறிக்கையின் முதல் இரண்டு பந்திகளை வாசிப்பதற்குள் தலைவர் கையை உயர்த்தினார். வெள்ளைத் தலை, மெல்லிய குரல். மொழிபெயர்ப்பாளர் அவர் கேட்டதைத் தமிழில் சொன்னார்: "வீட்டை எழுதிக் கொடுத்த தாய் இப்போது எங்கே படுக்கிறார்?"

எனக்குப் பதில் தெரியும். என்னை விட நன்றாகத் தெரிந்தவர் அந்த மண்டபத்தில் இல்லை. நான் குடியிருந்ததே மாமி என் மனைவிக்குச் சீதனமாக எழுதிய வீட்டில்தான். மாமி படுத்தது வீட்டின் பின்னால் கூரையை இறக்கிக் கட்டிய பத்தியில், அடுப்புக்குப் பக்கத்தில். அதைச் சொன்னால் அத்தனை பேருக்கும் முன்னால் என் மானம் போகும். "அந்த விபரம் பைலில் இல்லை சேர்" என்றேன்.

"இரிக்கி சேர்" என்று கதவடியில் இருந்து ஒரு குரல் கேட்டது.

பரீதா மிஸ் நின்றிருந்தார். விடியமுன் தீவுக்குப் போய் வேலையை முடித்து, மீன் ஏற்றி வந்த வள்ளத்தில் திரும்பியிருக்கிறார். அபாயாவின் கீழ்ப்பகுதி முழங்கால் வரை நனைந்திருந்தது.

"அவ எங்கயும் போகல சேர். அதே ஊட்டுலதான் இரிக்கா. முன்னறைய விட்டு அடுப்படிக்கிப் போயிட்டா, அவ்வளவுதான். ஊடு எழுதாட்டி எங்கட புள்ளைகளுக்குக் கலியாணம் இல்ல. அதுக்காகத் தாய்க்கி ஊடு வேணாமெண்டு ஆகுமா? வாங்க, நடந்து போற தூரந்தான். அந்த அடுப்படிகள வந்து பாருங்க."

அவர்கள் எழுந்து போனார்கள். நான் மண்டபத்தில் பைல்களுக்குக் காவலாக இருந்தேன்.

சில மாதங்களில் புதிய சுற்றறிக்கை வந்தது. மகளுக்கு எழுதிய வீட்டில் பெற்றோர் தொடர்ந்து வாழ்ந்தால் அது கைமாற்றம் ஆகாது. ஆயுள் வரை அவர்கள் அங்கே வாழும் உரிமையை வீட்டு உறுதிப் பத்திரத்தில் எழுத வேண்டும். நிவாரணமும் திரும்பக் கிடைத்தது. குழுவின் அறிக்கை மிஸ்ஸின் சாட்சியத்தைப் பாராட்டி இருந்தது. என் அறிக்கை பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டிருந்தது, அதிலும் ஒரு பக்கம் தலைகீழாக. என் மாமி அந்த வருடமே மௌத்தானார், பத்தியில் வைத்தே.

தீவு விடயத்தை மிஸ் ஒருநாளும் பேசவில்லை. அடுத்த நாள் அறிக்கையைத் தந்து, "உச்சமுனை வேல முடிஞ்சிது நானா, பைல்ல போட்டிருங்க" என்றார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பொறுமையிலும் என்னை வென்றுவிட்டாரே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய மகன் எழுந்து நின்றார். "எங்கட உம்மாவால ஆருக்கும் மனத்தாங்கல் வந்திருந்தா அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்ங்கோ" என்றார். பள்ளிவாசலில் இருந்த அனைவரும் மாப்புச் செய்தோம் என்றார்கள். மாப்புக் கேட்க வேண்டியவன் நான். உயிரோடு இருப்பவன் மௌத்தானவரிடம் மாப்புக் கேட்க அந்தச் சபையில் ஒரு முறை இல்லையே.

ஜனாஸாவைச் சுமந்த சந்தூக்கை, அடக்கம் செய்ய மையவாடிக்குத் திட்டத் தெருவால் கொண்டு போனோம். நானும் சற்றுத் தூரம் தோள் கொடுத்தேன். வீட்டுக்கு வீடு உம்மாமார் வெளியே வந்து நின்றார்கள். அடுப்படிப் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. எல்லோரும் முன் கதவைத் திறந்துகொண்டு, தங்கள் முன் வாசலில் வந்து நின்றார்கள். ஹாஜரா உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்திருந்தார்.

பரீதா மிஸ், உங்களை அன்று தீவுக்கு அனுப்பியது வேலைக்காக அல்ல, பொறாமையால். உங்களுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியட்டும் என்று இதை எழுதுகிறேன். அல்லாஹ் நீங்கள் உறங்கும் கப்றை விசாலமாக்குவானாக.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், நான் மௌத்தானால் என்னைத் திட்டத் தெருவால் கொண்டு போக வேண்டாம் என்று மகனிடம் சொல்லி வைத்தேன். ஏன் வாப்பா என்று கேட்டான். அந்த வழி தூரம் என்றேன். அது பொய்; எனக்காக அங்கே ஒரு முன் கதவும் திறக்காது என்ற பயம்தான். அதையும் மாப்புச் செய்யுங்கள், மிஸ்.