கன்னி மூலைக் குளம்

திண்டிவனம் பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கும் கோகுலகிருஷ்ணன் அங்கே மதித்தது ஒன்றைத்தான்: பந்தை ஐந்து முறை அடித்து முடிக்க வேண்டிய கடைசிக் குழிக்கு முன்னால் கிடந்த குளத்தை. துணிந்தவன் தண்ணீருக்கு மேலே அடித்து ஓர் அடியை மிச்சம் பிடிக்கலாம்; தவறினால் பந்து முழுகும். பயந்தவன் சுற்றிப் போகலாம்.

தென்மேற்கு, கன்னி மூலையில் தண்ணீர் ஆகாதென்று வாஸ்துக்காரன் சொல்ல, முதலாளி அந்தக் குளத்தைத் தூர்த்துவிட்டு, ஆட்டமே எட்டாத ஈசானி மூலையில் வேறு குளம் வெட்டினார்.

"குளம் இல்லன்னா எதுக்குங்க யோசிச்சு அடிக்கணும்?" என்றார் கோகுலகிருஷ்ணன்.

"நீ புல்லைப் பாருய்யா."

அடுத்த ஆட்டத்தில் முதலாளி அடித்த பந்து, குளம் இருந்த இடத்தில் தரையோடு உருண்டே குழியருகே போய் நின்றது. "பாத்தீங்களா, வாஸ்து சரியானதும் என் ஆட்டமே மாறிடுச்சு!"

கூட ஆட வந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். கோகுலகிருஷ்ணனும் தட்டித் தொலைத்தார். பிறகு அந்தக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஈசானி மூலைக் குளம் அதற்காவது உதவியது.