குட்டியின் கையும் ஒரு குவளைத் தண்ணீரும்

என் வீட்டுக்காரர் ஓவியக் குகைக்குக் காவல்காரர். நான் அங்கேயே துப்புரவுக்காரி. இருபத்திரண்டு வருஷமாக மனிதர்களின் அசிங்கத்தை அள்ளுகிறேன். துப்பிய எச்சில், மூலைக்கு மூலை மூத்திரம், பாறையில் ஆணியால் கீறிய காதலர் பெயர்கள். சீ! ஆதிமனிதன் வரைந்த மானின் வயிற்றில் தன் பெயரை எழுதுகிறவன் என்ன ஜென்மமோ!

அவருக்கும் இந்தக் கும்பலைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் "ஏன் வரைஞ்சாங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவார். காலையில் வருகிறவர்களிடம், "வேட்டை நல்லா அமையணும்னு" என்பார். மதியம் வருகிறவர்களிடம், "மழையில வெளிய போக முடியல, பொழுது போகல" என்பார். பிள்ளைகள் வந்தால்தான் தான் நம்புவதைச் சொல்வார்: "நானும் இருந்தேன்னு சொல்றதுக்கு." உடனே சுவரின் அடியில் இருக்கும் சின்னக் கை அச்சைக் காட்டுவார். எந்தக் குழந்தையோ செம்மண் குழம்பில் தோய்த்து வைத்த கை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கைக்கு 'குட்டி' என்று பெயர் வைத்திருந்தார்.

கை மங்கலாகத்தான் தெரியும். அதனால் ஒரு குவளைத் தண்ணீரை விசிறி அடிப்பார். நனைந்ததும் சிவப்பு பளிச்சென்று எழும். கூட்டம் வாயைப் பிளக்கும், இவருக்குத் தலைகால் புரியாது. தண்ணீர் சுமந்து வந்தவள் நான்.

போன வாரம் ஆராய்ச்சிக்கார அம்மா ஒருத்தர் பழைய போட்டோவோடு வந்தார். அதில் குட்டிக்கு ஐந்து விரல். சுவரில் இப்போது இரண்டுதான். மற்ற இடமெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"வர்றவங்க தேய்ச்சிட்டாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல, இது உப்பு. யாரோ ரொம்ப நாளா தண்ணி ஊத்தியிருக்காங்க. ஒவ்வொரு தடவை காயும்போதும் பாறைக்குள்ள இருக்கிற உப்பு வெளிய வந்து படியும். சுரண்டினா சாயமும் சேர்ந்து வந்துடும். யார் ஊத்தினது?"

நான் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரின் கையைக் கிள்ளினேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி பார்க்க வருகிறவர்கள்மேல் விழும், எங்கள் வேலையும் போகாது.

"நான்தாம்மா," என்றார். "தினமும்."

அந்த அம்மா எழுதிக்கொண்டு போனார். அன்றைக்கு நாங்கள் சாப்பிடவில்லை. வீட்டுக்காரரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது, என்னை நினைக்க அதைவிட. ஊரான் எச்சிலைத் திட்டிக்கொண்டே குடத்தைத் தூக்கியிருக்கிறேனே!

மறுநாள் குகையைப் பார்க்க வந்த ஒருவன் குட்டியின் முன்னால் நின்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். "ஒண்ணும் தெரியலையே. தண்ணி அடிச்சாத் தெரியுமாமே?"

அவர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்.

"சரி சரி, ஏன் வரைஞ்சாங்க? அதையாவது சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியாது," என்றார். "ஏன் அழிஞ்சுதுன்னு கேளுங்க, சொல்றேன்."