நீல ட்ரம்மும் ஒரு பென்சில் கேள்வியும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் பீரோவின் மேல்தட்டிலிருந்து என்னுடைய மஞ்சள் நீராட்டு விழா ஆல்பத்தை இறக்கினாள். வீட்டிலுள்ள பழைய படங்களையெல்லாம் போனில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவளுடைய லீவு நாள் திட்டம். ஆல்பத்தைத் திறந்ததும் அந்துருண்டை வாசமும், ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் தாள் பிரியும்போது வரும் ஒரு புளித்த வாசமும் சேர்ந்து வந்தன. உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஆல்பம் இருந்தால் நான் எதைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும்.

"ஏம்மா, பவுடர் டப்பா பூரா உன் மூஞ்சிலதான் கொட்டுனாங்களா?" என்று சிரித்தாள். பதிமூன்று வயதில், கனமான பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு நிற்க வைத்தால் யாரும் அப்படித்தான் இருப்பார்கள். நான் என் மூஞ்சியைப் பார்க்கவில்லை. நானே பக்கத்தைத் திருப்பி எனக்கு வேண்டிய படத்துக்குப் போனேன். அதில் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா நிற்கிறார். அவருக்குப் பின்னால் இரண்டு நீலப் பிளாஸ்டிக் ட்ரம். அந்த ட்ரம்தான் எனக்கு யோசிக்கக் கற்றுக்கொடுத்தது என்று மகளிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நீங்களும் அப்படிப் பார்ப்பதற்குள் கல்லூரிக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நான் கட்டுரையில் கெட்டிக்காரி. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பச்சை ஸ்கெட்ச் பேனாவில் தலைப்புப் போட்டு, ஸ்கேல் வைத்து அடிக்கோடு இழுத்துவிட்டால் பாதி மார்க் கைக்கு வந்துவிடும். நூலகத்தின் பயன், மழைநீர் சேகரிப்பு, நாட்டுப்பற்று, எதுவானாலும் என் முடிவுரை ஒன்றுதான். 'எனவே நாம் அனைவரும் ஒன்றுசேர்ந்து பாடுபடுவோமாக.' யார் பாடுபட்டார்கள் என்று இதுவரை தெரியாது. அந்த ஸ்கெட்ச் பேனாவோடுதான் நான் பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் ஏறி, தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, தருமபுரிக்குப் பி.ஏ. பொருளாதாரம் படிக்கப் போனேன்.

இரண்டாம் வருடம் எங்களுக்கு ஒரு கௌரவ விரிவுரையாளர் வந்தார். எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். டஸ்டர் கிடைக்காமல் கைக்குட்டையாலேயே போர்டைத் துடைத்துவிட்டு, அதே கைக்குட்டையால் முகத்தையும் துடைத்துக்கொள்வார். ஒரு நாள் அந்தச் சுண்ணாம்பு முகத்தோடு ஓர் அசைன்மென்ட் கொடுத்தார்.

"உங்க ஊர்ல எல்லாரும் நம்புற ஒரு காரணத்த எடுத்துக்கங்க. அது நெசமாவே காரணந்தானான்னு பாருங்க. அஞ்சு பக்கம்."

அதோடு விட்டாரா என்றால் இல்லை. எழுதியதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் பென்சிலில் கேள்வி மட்டும் எழுதலாம். 'நன்றாக இருக்கிறது' என்று எழுதக்கூடாது, பிழை திருத்தக்கூடாது. கேள்விக்கும் மார்க் உண்டு. கேள்விக்கு மார்க் என்றதும் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் நண்பனின் கட்டுரையில் ஒரு வரி விடாமல் 'ஏன்?' 'ஏன்?' என்று எழுதி நிரப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஸ்டெல்லா. அவளும் குடியானவர் வீட்டுப் பெண்தான். அவள் அப்பா காட்டு வேலையை விட்டுவிட்டு டவுனில் ஒரு துணிக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். சத்தமே வராத பெண். சிரித்தால்கூடத் தோள்தான் குலுங்கும். மதியம் என் எள்ளுத் துவையலில் பாதி அவளுக்கு, அவள் கருவாட்டில் பாதி எனக்கு. அப்படிப்பட்டவள் என் கட்டுரையில் கைவைப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

நான் எடுத்துக்கொண்டது எங்கள் கிணறு. எங்கள் நிலமும் பெரியப்பா நிலமும் அடுத்தடுத்து, நடுவில் ஒரு வரப்புதான். பெரியப்பா அவர் பக்கத்தில் போர்வெல் போட்டார், தண்ணீர் பீறிக்கொண்டு வந்தது. அந்த மாதமே எங்கள் கிணற்றிலிருந்து மோட்டாரைக் கழற்றினார்கள். அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. நான் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது அது ஆறாவது வருடம். பெரியப்பா மகள் சாந்தி அக்காவுக்கு அந்த வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா. பத்திரிகை வைக்கப் பெரியம்மா வந்தபோது அப்பா கொல்லைப் பக்கம் போய்விட்டார். "என் கெணத்த உறிஞ்சுனவன் வூட்ல நான் சோறு திங்கமாட்டன். என் வூட்ல இருந்தும் யாரும் போவக்கூடாது" என்று பிறகு சொன்னார். நான் இரண்டு நாள் அழுதேன். ஆனால் அவர் சொன்ன காரணத்தில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. பெரியப்பாவின் பேராசைதான் எங்கள் கிணற்றை வற்ற வைத்தது என்று, பச்சைத் தலைப்போடு, பாடுபடுவோமாக வரைக்கும் எழுதி முடித்தேன்.

ஸ்டெல்லா அதைப் படித்துவிட்டு ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தாள். 'உனக்கு எப்படித் தெரியும்?'

"எங்கப்பா சொன்னாரு" என்றேன்.

"அவருக்கு எப்படிடி தெரியும்?"

"கெணறு அவருதுடி! அவருக்குத் தெரியாம ஒனக்கா தெரியும்?"

"எனக்குத் தெரியாது. அதான் கேக்கறன்."

கோபத்தில் இரண்டு நாள் துவையல் கொடுக்கவில்லை. அவள் பாட்டுக்குக் கருவாட்டில் பாதியை என் டப்பா மூடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கருவாட்டைத் தின்றுகொண்டே கோபமாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் ராகி மூட்டைக்குப் பின்னால் இருந்த தகரப் பெட்டியில் ஏதோ தேடும்போது இந்த ஆல்பம் கையில் பட்டது. கல்யாணத்துக்கு ஏங்கிக் கிடந்தேன் அல்லவா, சாந்தி அக்கா இருக்கும் படத்தைப் பார்க்கலாம் என்று திறந்தேன். அக்காவைத் தேடும்போது பெரியப்பா அகப்பட்டார், பந்தல்காலோடு சிரித்துக்கொண்டு. சிரிக்கிறார் என்றால் அது சண்டைக்கு முன்னால். சண்டைக்கு முன்னால் என்றால் போர்வெல்லுக்கும் முன்னால். சரி, அவர் முதுகுக்குப் பின்னால் எதற்கு ட்ரம்மில் தண்ணீர்? கிணறு இருக்கிற வீட்டில் யாராவது விலைக்குத் தண்ணீர் வாங்குவார்களா? அந்த ஆல்பத்தை நாங்கள் நூறு தரம் பார்த்திருப்போம். எல்லோரும் பெண்ணைப் பார்த்தோம், சீர்த்தட்டைப் பார்த்தோம், ட்ரம்மை யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கே கட்டுரையை மாற்றி எழுதினேன். 'எனவே என் தந்தை கூறுவது பொய்' என்று ஒரே போடாகப் போட்டேன். கல்யாண விருந்து அதற்குள் என் மூக்கில் மணக்க ஆரம்பித்துவிட்டது. இப்போது ஸ்டெல்லா என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டு, 'அன்றைக்கு நிறையப் பேர் வந்ததால் தண்ணீர் பத்தாமல் வாங்கியிருக்கலாம் அல்லவா? கிணறு வற்றியிருந்தது என்று எப்படித் தெரியும்?' என்று எழுதினாள். அந்தப் பென்சிலைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டிருப்பேன்.

"நீ யாரு பக்கம்டி?" என்று கேட்டேன்.

"நான் எந்தப் பக்கமும் இல்ல. உனக்குக் கல்யாணத்துக்குப் போவணும். அதான் இப்படி எழுதியிருக்க" என்றாள்.

சுருக்கென்றது. முதல் கட்டுரையில் அப்பாவை அப்படியே நம்பினேன். இரண்டாவதில் என் ஆசையை அப்படியே நம்பினேன். இரண்டிலும் என்ன நடந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. இதை இப்போது சுலபமாகச் சொல்கிறேன். அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வரைக்கும் ஸ்டெல்லாவைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.

வீட்டில் அம்மா சாக்கு விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வீடு அதுதான் வேலை. சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு, கொட்டை தனியாகத் தெறிக்கும். நானும் உட்கார்ந்து நார் உரித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"அம்மா, என் விசேஷத்தப்ப நம்ம கெணத்துல தண்ணி இருந்துதா?"

"எங்க இருந்துது? அதுக்கு முன்ன மாசியிலயே வத்திப்போச்சு. வாளி வுட்டா டொம்முனு மண்ணுல உக்காரும். ட்ராக்டர்லதான தண்ணி எடுத்தாந்தோம். மறுக்கா ஊறும் ஊறும்னு உங்கப்பா மோட்டாரக் கழட்டாமயே வெச்சிருந்தாரு."

"அப்ப பெரியப்பா போர் போட்டது?"

"அது அடுத்த வருசம்."

நான் நார் உரிப்பதை நிறுத்தினேன். "ஏம்மா இத்தன வருசமா நீ இதச் சொல்லல?"

அம்மா சுத்தியலை நிறுத்தவில்லை. "என்னைய யாரு கேட்டா? கேட்டிருந்தா சொல்லியிருப்பன்" என்றாள்.

மூன்றாம் தடவை எழுதியபோது பச்சை ஸ்கெட்ச்சைத் தொடவில்லை. ஐந்து பக்கமும் வரவில்லை, மூன்றரைதான் வந்தது. முடிவில் இப்படி எழுதினேன்: 'போர்வெல் போடுவதற்கு முன்பே எங்கள் கிணறு வற்றிவிட்டது. ஏன் வற்றியது என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு ஊறாமல் போனதற்குப் போர்வெல் காரணமா என்பதும் தெரியவில்லை.' பரீட்சைத் தாளில் 'தெரியவில்லை' என்று எழுதினால் முட்டைதானே போடுவார்கள்? கை கூசியது. ஸ்டெல்லா படித்தாள், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். அந்தத் தாளில் அவள் எதுவும் எழுதவில்லை. சார் போட்ட மார்க் எவ்வளவு என்று மறந்துவிட்டது. அந்த எழுதாத ஓரம் மறக்கவில்லை.

அசைன்மென்ட்டோடு அது முடிந்திருக்கலாம். ஆனால் கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, காலேஜுல ஒண்ணு எழுதியிருக்கறனுங்க, படிக்கட்டுங்களா?" என்று கேட்டு, நின்றுகொண்டே படித்தேன். முதல் பக்கத்திலேயே அவர் முகம் மாறிவிட்டது. "நம்ம வூட்டுச் சண்டைய காலேஜுல கொண்டுபோயி வெச்சியா?" என்றார். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. கடைசி வரை கேட்டார். பிறகு ஆல்பத்தை எடுத்து வரச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ட்ரம்ம எங்கண்ணனும் நானுந்தான் எறக்குனோம்" என்றார். "ஆளுக்கொரு பக்கம் புடிச்சி."

அப்புறம், "எப்படி மறந்தன்னு தெரியலயே கண்ணு" என்றார். என் அப்பா தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் மேல் எனக்கு அவ்வளவு பாசம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பெரியப்பா வீட்டுப் பக்கம் நடந்தார். பின்னாலேயே நானும் அம்மாவும் போனோம். வாசலில், போர்வெல்லிலிருந்து தண்ணீர் ஏற்றி வந்த ட்ராக்டர் நின்றுகொண்டிருந்தது. பெரியப்பா ஒரு ட்ரம்மைத் தனியாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா போய் இன்னொரு பக்கத்தைப் பிடித்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது இதுதான்.

"தண்ணி பத்துமா?"

"பத்தும். நீ கைய பாத்து வையி."

கிணற்றைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. நான் விருந்தில் மூன்று தரம் பாயசம் வாங்கினேன்.

அந்தக் கிணற்றை மூடி இப்போது மேலே தென்னங்கன்று வைத்திருக்கிறார்கள். பெரியப்பாவின் போர்வெல்லும் காற்றைத்தான் கக்குகிறது. அண்ணன், தம்பி இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சார் அந்த ஒரு வருடத்தோடு வேறு ஊருக்குப் போனார். ஸ்டெல்லா கல்யாணமாகி ஓசூர் பக்கம் போனாள், கொஞ்ச நாள் கடிதம் வந்தது. மகளின் கல்லூரியில் இப்போதும் அசைன்மென்ட் உண்டு. போனில் கேட்டால் பிழையில்லாமல் பத்துப் பக்கம் வருகிறது. பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதற்குத்தான் அவளுக்கு ஆள் இல்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மகள் அந்தப் படத்தைப் போனில் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். ட்ரம்மைத் தாண்டி, படத்தின் ஓரத்தில், கையில் சொம்போடு அம்மா நிற்கிறாள். கேமராவைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே எதையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். அம்மா அப்படிச் சிரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ட்ரம்மையே பார்த்துக்கொண்டிருந்த நான் இத்தனை வருடமாக அவளைப் பார்க்கவில்லை.

"ஆயா எதுக்கும்மா இப்படிச் சிரிக்குது?"

"சமையக்காரரு எதாச்சும் சொல்லியிருப்பாரு" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா போய் நாலு வருடமாகிறது. ஒரு தரம் கிணற்றைப் பற்றிக் கேட்டதோடு சரி, அவளைப் பற்றி அவளிடம் நான் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"தெரியலடி" என்றேன்.