கோலப்பன் மேஸ்திரி கொடுத்த வாக்குமூலம்

கொழும்பில் என் காதுக்கு வந்தபோது கதை இப்படி இருந்தது: திருவனந்தபுரம் பழவங்காடியில் பட்டறை வைத்திருக்கும் கோலப்பன் காசு வாங்கிக்கொண்டு ஒரு முதலாளியின் காரில் ஸ்டியரிங் தண்டைப் பாதி அறுத்துவிட்டார், மலையில் அது முறிந்து ஓர் ஆள் செத்தான். சொன்னவரும் சாலைக்கடைத் தெருவில் யாரோ சொல்லக் கேட்டவர்தான். “உமக்குச் சொந்தமில்லா?” என்று என் முகத்தையே பார்த்தார். கோலப்பன் என் பெரியம்மா மகன். திருவனந்தபுரம் வந்து அவர் மனைவி மங்கலம் அண்ணியிடமும், செல்லபாய் என்ற பெண்ணிடமும் கேட்டதை எழுதுகிறேன். தண்டை யாரும் அறுக்கவில்லை.

கோலப்பன் பூதப்பாண்டிக்காரர். சண்டைக் காலத்தில் அஸ்ஸாமில் பட்டாளத்து லாரிகளைப் பழுது பார்த்துக் கற்றுக்கொண்டவர். கோபம் வந்தால் கையிலிருக்கும் ஸ்பேனர் பறக்கும்; அண்ணியின் புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. ஆனால் எந்த வண்டியையும் தானே கரமனைவரை ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடமாட்டார்.

ஆறுமுகநயினாருக்கு ஊரில் தேங்காயெண்ணெய் மில்லும், வித்துராவுக்கு மேலே மலையில் தேயிலைத் தோட்டமும் இருந்தன. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து பெரிய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். அதில் பவர் ஸ்டியரிங். எஞ்சின் ஒரு பெல்ட்டால் சின்ன பம்பைச் சுற்றும். பம்ப் தள்ளுகிற எண்ணெய் சக்கரத்தைத் திருப்பும். ஓட்டுகிறவனுக்கு ஒரு விரல் போதும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலு ஜூலையில் அதன் குழாய் கசிந்தது. கோலப்பன் குழாயை மாற்றி, மெல்லிய எஞ்சின் எண்ணெய் ஊற்றி அனுப்பினார்.

ஆகஸ்டில் ஒரு விடியற்காலை. தோட்டத்துப் பங்களாவிலிருந்து இறங்கிய கார் முதல் வளைவிலேயே திரும்பாமல் பாறையில் மோதியது. முன்னால் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த நயினாரின் தம்பி பகவதிப்பெருமாளின் மண்டை பிளந்தது. டிரைவர் நேசமணியைத் தோட்டத்து ஆட்கள் வெளியே இழுத்துப்போட்டுக் தேயிலைச் செடிகளில் வெட்டிய கவ்வாத்துக் கட்டைகளால் அடித்தார்கள். முன்பற்கள் நாலும் சேற்றில் விழுந்தன. மிச்சத்தைப் போலீசிடம் கொடுத்தார்கள். அந்த மாதம்தான் தெற்கே தமிழ்த் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கக் கேட்டவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. நேசமணி அந்தத் தாலுகாக்களில் ஒன்றான விளவங்கோட்டு ஆள்; நயினார் சர்க்கார் பக்கம். பழிவாங்கவே காரை மோதினான் என்று சொல்ல அது போதுமாயிருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் பட்டறைக்கு வந்து முதலில் கோலப்பன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். “தன்டெ பணியோ, டிரைவருடெ பணியோ? ஒண்ணு பறஞ்ஞா மதி.” காரைக் கெடுத்தது நீயா டிரைவரா, ஒன்றைச் சொன்னால் போதும் என்று மலையாளத்தில் மிரட்டினார்.

நான் விடும்போது ஸ்டியரிங் சரியாக இருந்தது, பிறகு டிரைவர் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று கோலப்பன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பயம்.

கோர்ட்டுக்கு அவருடைய ரிப்போர்ட் வேண்டுமென்று காரைப் பட்டறைக்கே இழுத்து வந்து விட்டிருந்தார்கள். இடப்பக்கம் நசுங்கியிருந்தாலும் எஞ்சின் ஓடியது. முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பினார். பூவாய்ச் சுற்றியது. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார், இறுக்கம் சரி. எண்ணெயில் நுரையில்லை, குழாயில் கசிவில்லை. தன் வாக்குமூலம் சரிதான் என்று அவருக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் நேசமணியின் மனைவி செல்லபாய் உள்ளே வந்தாள்.

“ஒப்பு போட்ட கை இதுதானா அண்ணாச்சி? நல்லா இருக்கட்டும்.”

“போ பிள்ளே. வண்டியில ஒரு கோளாறும் இல்ல.”

“ஸ்டேஷன்ல அவருக்க நகத்த ஒவ்வொண்ணாப் பிடுங்குதாவ. வேணும்ணே மோதினேண்ணு இண்ணு சாயங்காலத்துக்குள்ள ஒப்பு வாங்கணுமாம். போட்டா தூக்குதான். வெளுப்பாங்காலத்துல ஸ்டியரிங்கு கல்லு மாதிரி நிண்ணுது, ரெண்டு கையையும் போட்டு வலிச்சும் அசையல்லண்ணு அவரு அழுது கரையிதாரு. முந்தியும் ஒருக்க இப்பிடித்தானாம்; வெயிலு ஏறினா தானே இளகுமாம்.”

“என்ன சொன்னே? வெயில் ஏறினாலா?”

“ஏன், செவியிலயும் கிரீஸா?”

கோலப்பன் காரிடம் ஓடினார். பம்பின் டப்பாவிலிருந்து ஒரு தகர மூடியில் எண்ணெயை எடுத்தார். எதிர்த்த சோடாக் கடையில் ஐஸ் கட்டி வாங்கி அதன்மேல் மூடியை வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஓரம் வெளுத்தது. பிறகு முழுவதும் மெழுகாய் இறுகியது.

தேங்காயெண்ணெய். மூன்று நாளாக அதில்தான் கை வைத்திருக்கிறார். ஊரில் எல்லார் தலையிலும் அதே மணம், தன் தலையிலும். மூக்கு அதை ஒரு வாசனையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஊர்ச் சூட்டில் அது தண்ணீராய் ஓடும். மலைக் குளிரில் ஓர் இரவு நின்றால் பம்புக்குள் கல்லாகிவிடும்.

மூடியை ஐஸோடு சாக்கில் சுற்றிக்கொண்டு நேரே எண்ணெய் மில்லுக்குப் போனார். செல்லபாய் கேட்வரை ஓடினாள்.

“டப்பாவுல எண்ண ஊத்தினது யாரு முதலாளி?”

“நான்தாம்வே. இருந்தத வடிச்சுட்டு ஊத்தினேன். ஒம்ம கறுப்பு எண்ணெய விட ஏம் மில்லு எண்ண சுத்தமில்லா?” என்றார் நயினார், கொஞ்சம் பெருமையாகவே.

கோலப்பன் மூடியைக் கவிழ்த்துக் காட்டினார். எண்ணெய் விழவில்லை. நயினார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தம்பியைக் கொன்றது எது என்று அவருக்கு விளங்கியதைச் செல்லபாய் கேட்டிலிருந்தே கண்டாள். அடுத்த கணம் மூடி பறந்தது.

“ஏலே, எந் தம்பிய நான் கொன்னேங்கியா? பிடிங்கல இவன!”

இரண்டு பேர் கோலப்பனைத் தரையில் அமுக்கினார்கள். நயினார் எடைக்கல்லைத் தூக்கி அவர் வலக்கை மணிக்கட்டில் போட்டார். எலும்பு நொறுங்கியது வாசல்வரை கேட்டது. இரண்டாவது போடு விரல்களில் விழுந்தது.

“இனி எவனுக்கும் ரிப்போர்ட் எழுதமாட்டேல்லா. போலே!”

கோலப்பன் எழுந்து நடந்தார். செல்லபாய் முந்தானையைக் கிழித்துக் கையைக் கட்டப் போனாள். “பொறவு” என்று தள்ளிவிட்டார். மணி நாலரை. நேசமணியை வைத்திருந்த ஸ்டேஷன் மலையடிவாரத்தில். பஸ் போய்ச் சேர இருட்டிவிடும். வழியில் ஒரு மருந்துக் கடையில் போன் இருந்தது. சட்டையெல்லாம் ரத்தமாய் நின்றவரைப் பார்த்துக் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் நகர்ந்தார். இடக்கையால் ரிசீவரை எடுத்து, ஸ்டேஷன் பெயரைச் சொல்லி டிரங்க் கால் கேட்டார். சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார்: “நான் எழுதினது பொய். டிரைவர் ஒண்ணும் செய்யல்ல.”

லைன் கிடைத்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

“ஆரெங்கிலும் எடுத்தாவளா?” என்றாள் செல்லபாய்.

கோலப்பன் இல்லையென்று தலையாட்டினார். மறுமுனையில் மணி போய்க்கொண்டே இருந்தது.