சார் வேண்டாம் என்றார்கள்

மகள் பத்தாம் வகுப்புக்குப் போன வருடம், எப்பாடு பட்டாவது உதவி மேலாளர் ஆகிவிட வேண்டும் என்று இருந்தேன். பெருமைக்காக இல்லை. அந்தப் பதவிக்குப் பகல் வேலை மட்டும்தான். சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். என் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. நானோ தர ஆய்வுப் பிரிவில் ஷிப்ட் மாற்றி மாற்றி உழைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஷிப்ட் முடித்து ஆரப்பாளையத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீடு சேரும்போது பிள்ளை தூங்கியிருப்பாள். சாப்பிட்டாளா, படித்தாளா என்பதைப் பாத்திரத்தையும் புத்தகப் பையையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எங்களுடையது மோட்டார் பாகங்கள் செய்கிற பெரிய கம்பெனி. சமயநல்லூர் தாண்டி இருப்பது அதன் ஒரு கிளை. கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து, "இனிமேல் இங்கே சார், மேடம் கிடையாது. பிளான்ட் ஹெட் உட்பட எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இதுதான் நம் புதிய கலாச்சாரம். பதவி உயர்வுக்கும் இதைப் பார்ப்போம்" என்றார்கள். கை தட்டினோம். பிளான்ட் ஹெட்தான் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினார். மறுநாள் ஒருவர் வாயிலும் பெயர் வரவில்லை. எப்படி வரும்? மூத்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் ஊரில் சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

நான் மிஷன் பள்ளியில் படித்தவள். மைக் பிடித்து ஒருவர் சொல்லிவிட்டால் அதை அப்படியே நம்பித் தொலைக்கிற புத்தி. அன்றைக்கு அந்த இருவரும் மறுபடி வைத்த கூட்டத்தில் எழுந்து, பிளான்ட் ஹெட்டைப் பெயர் சொல்லி அழைத்து ஒரு சந்தேகம் கேட்டேன். பெயரோடு மரியாதையாக 'நீங்க' போட்டுத்தான் பேசினேன். இருந்தும் எல்லோரும் திரும்பி என்னையே பார்த்தார்கள். அவர் சிரித்தார். "வெரி குட்" என்றார். வந்தவர்கள் கை தட்ட, நானும் இளித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெளியே வந்ததும் ஸ்டோர்ஸ் பார்க்கும் மூத்த அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அம்புட்டுப் பேரும் வாயப் பொத்திக்கிட்டு இருக்கையில நீ மட்டும் என்னத்துக்கு?"

"அவங்கதானண்ணே சொன்னாங்க."

"சொல்லுவாங்க. சொல்லிட்டு சாயங்காலம் பிளைட்டப் பிடிச்சுப் போயிருவாங்க. நாமதான இங்கன கெடக்கணும்."

அன்றிலிருந்து பிளான்ட் ஹெட் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதைக்கூடப் பக்கத்து மேஜைக்குச் சொல்லி அனுப்புவார். பதவி உயர்வு நேர்காணலில் மட்டும் நேராகப் பார்த்து, "வேலையில குறை இல்ல. பெரியவங்ககிட்ட பழகுற பக்குவம்தான் இன்னும் வரல" என்றார். பதவி அந்தப் பக்கத்து மேஜைப் பையனுக்குப் போனது. அக்கா அக்கா என்று என் பின்னால் சுற்றி வேலை படித்தவன். பிளான்ட் ஹெட்டிடம் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு சார் போடுவான். புதிய கலாச்சாரத்தைக் கவனிக்க ஒரு குழு அமைத்து, அதற்குத் தலைவராகவும் அவனையே போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இப்போது நினைத்தாலும் எரிகிறது.

பொதுத்தேர்வு நெருங்கியது. பிள்ளை கணக்கில் தடுமாறிக்கொண்டிருந்தாள். யாருக்கு எந்த ஷிப்ட் என்பதை முடிவு செய்கிறவன் இப்போது அவன்தான். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். வேறு வழியில்லாமல் அவன் அறைக்குப் போய் நின்றேன்.

"சார், பாப்பாவுக்குப் பரீட்சை வருது. அதுவரைக்கும் பகல் ஷிப்ட் போட்டுக் குடுங்க சார்."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தேன். 'அக்கா, என்னையப் போயி சார்ங்கிறீங்களே' என்று பதறுவான் என எதிர்பார்த்தேன். அவன் பதறவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சரி, பாக்குறேன், போங்கம்மா" என்றான்.

அடுத்த வாரமே பகல் ஷிப்ட் கிடைத்தது.