மேலதிகத் தாள் கேட்டவள்

சட்டம் படிப்பதற்கான நுழைவுப் பரீட்சையில் என் கட்டுரை ஒன்றரைப் பக்கத்தோடு நின்றுவிட்டது. தலைப்பு, சமூக ஊடகங்களும் நீதியும். நான் பாடமாக்கிக்கொண்டு போனதோ சுற்றாடல் மாசடைதல். அதன் முன்னுரையை வெட்டிக் கொத்தி ஒட்டப் பார்த்தேன், ஒட்டவில்லை. எனக்கு முன்மேசையில் இருந்த என் சிநேகிதி மேலதிகத் தாள் கேட்டுக் கையை உயர்த்தினாள். ஒரு தரமல்ல, மூன்று தரம். ஒவ்வொரு தரமும் நான் என் ஒன்றரைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

அவளும் நானும் வெள்ளவத்தையில் ஒரே ஒழுங்கை. ஒரே டியூஷன், ஒரே நோட்ஸ். இரண்டு பேருக்குமே கம்பஸுக்கு எடுபடும் வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறியிருந்தது. மிச்சமிருந்தது இந்த ஒரு வழிதான். இதுவும் போனால் நான் சித்தப்பாவின் புடவைக்கடையில் நிற்க வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

"எப்படி எழுதின?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

"பரவாயில்லை" என்றேன். என்ன பரவாயில்லை, மண்ணாங்கட்டி!

அம்மாவிடம் அந்தக் கதை எடுபடவில்லை.

"எத்தினை பக்கம் எழுதினனீ?"

"ஒண்டரை."

"முடிவுரை?"

"எழுதேல்லை."

"ஐயோ, என்ர பிள்ளை!" என்று தலையில் கைவைத்தவர், அடுத்த செவ்வாய்க்கிழமையே என்னைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் சைவம்தான். செவ்வாய்க்கிழமையில் அங்கே அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? வாசலில் பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். அம்மா ஒரு தாளை என் கையில் திணித்தார்.

"சும்மா 'பாஸாக்கி விடும்' எண்டு மட்டும் எழுதாதை. எதில பிழைச்சதெண்டு விபரமாய் எழுது. அவருக்கு எத்தினை பேற்ற அலுவல் இருக்கு."

அம்மா மெழுகுதிரி கொளுத்தப் போனார். நான் சுவரோடு சாய்ந்து எழுதத் தொடங்கினேன். பரீட்சை மண்டபத்தில் வராத தமிழ் அங்கே கொட்டியது. முடிவுரை இல்லை, உதாரணம் ஒன்றே ஒன்று, இரண்டாம் பந்தியும் மூன்றாம் பந்தியும் ஒரே விஷயம் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பிறகு கை நிற்கவில்லை. "எனக்குத் தராமல் அவளுக்கு மட்டும் தந்துவிடாதேயும். ஒருவருக்குத்தான் என்றால் எனக்கே தாரும்" என்று எழுதினேன். ஆள் மாறிவிடக் கூடாதே என்று அவளுடைய பெயரையும் பரீட்சைச் சுட்டெண்ணையும் போட்டேன். என்னுடையதற்கு முந்திய எண் அது. மடித்து வேண்டுதல் பெட்டிக்குள் போட்டேன்.

பஸ்ஸில் வரும்போதே எழுதியது உறுத்தத் தொடங்கியது. திரும்பிப் போய் எடுக்கலாமென்றால் பெட்டிக்குப் பூட்டு. பெறுபேறு வராமல் இருக்கவும் பயம், வந்துவிடவும் பயம். ஒழுங்கையில் அவளைக் கண்டால் போனில் கதைப்பதுபோலப் பாவனை பண்ணிக்கொண்டு கடந்து போனேன். சீ, என்ன பிறவி நான் என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது. ஆனாலும் அந்த வேண்டுதலை மனதுக்குள் வாபஸ் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு மத்தியானம் பெறுபேறு வந்தது. போனில் பட்டியலைத் தள்ளித் தள்ளித் தேடினேன். என் எண் இருந்தது. அதற்கு முந்தியது இல்லை. முதலில் துள்ளிக் குதித்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்போதுதான் போன் அடித்தது. அவள்.

"நான் சென்னனே, ஒனக்கு கெடைக்கும்டு!" குரலில் உண்மையான சந்தோஷம்.

"உனக்கு..." என்று இழுத்தேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்டீ. கட்டுரையிலயே நேரமெல்லாம் போயிட்டு. சுருக்கம் எழுதுற கேள்வியத் தொடவே இல்ல. ஒன்ட மொகம் வாடி இருந்திச்சி, அதான் ஒண்டும் செல்லல்ல." பிறகு சொன்னாள். "எனக்கு இனிச் சரிவராதுதானே. அதால ஒவ்வொரு தொழுகையிலயும் ஒனக்கு மட்டுந்தான் துஆ கேட்டன்."