பூஜ்யத்தில் நின்ற முள்

சிவப்பு ஆக்சைடு தயாரிக்கும் ஆலையில் ரத்தம் தெரியாது. தரை, சுவர், நகக்கண், தேநீர்க் கோப்பையின் காது எல்லாம் ஏற்கெனவே அந்த நிறத்தில்தான் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு மராட்டியத் தொழிற்பேட்டையான போசரியில் நான் ஆலோசகனாகப் போய்வந்த ஆலை அப்படிப்பட்டது.

அந்தத் தூள் மாவைவிட நைசானது. எவ்வளவு நைசோ அவ்வளவு பிடிவாதமாகத் தண்ணீரை வைத்துக்கொள்ளும். ஃபில்டர் பிரஸ்ஸின் தகடுகளுக்கு நடுவே, தூளும் தண்ணீரும் கலந்த கூழைப் பம்பு திணிக்கும். தகட்டின் மேலுள்ள துணி தூளை நிறுத்தித் தண்ணீரை வெளியே விட வேண்டும். விடாது. தகடுகளைத் திறந்தால், கட்டியாக விழ வேண்டியது சேறாகத் துணியைக் கவ்விக்கொண்டு நிற்கும். நாலு பேர் மரச் சுத்தியலால் தகடுகளை அடிப்பார்கள், கரண்டியால் சுரண்டுவார்கள், தகட்டின் தாயாரை மரியாதையில்லாமல் விசாரிப்பார்கள். அந்தக் கூடத்தில் நடந்தது உற்பத்தி அல்ல, அடிதடி.

நான் கொண்டுபோனது ஒரு கேன் திரவம். சோப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. கூழில் சிறிதளவு கலந்தால் தூளுக்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள பிடி தளரும். தண்ணீர் சீக்கிரம் வடியும், கட்டி காய்ந்து தானாக விழும். முதலாளி இளைஞர், பேச்சை வளர்க்காதவர். மூன்று முறை கட்டி சுத்தமாக விழுந்தால் சுரண்டும் நாலு பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த நாலு பேரில் முகாதம், அதாவது மேஸ்திரி, ஒரு தமிழன். தாத்தா காலத்தில் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து அருகிலுள்ள தாபோடியில் தங்கிவிட்ட குடும்பம். பதினைந்து வருடமாக ஒப்பந்தக் கூலி. எழுதப் படிக்கத் தெரியாது. தகட்டில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, ஓசையை வைத்தே உள்ளே கட்டி இறுகிவிட்டதா என்று சொல்வான். மந்தமாகக் கேட்டால் ஈரம், கணீரென்று கேட்டால் காய்ந்துவிட்டது.

முதல் சோதனையில் கட்டி செங்கல் மாதிரி விழுந்தது. அவன் அதை மிதித்து உடைத்தான். இரண்டாவதும் விழுந்தது. இந்த முறை என் கேனை உதைத்தான். அது உருண்டுபோய்ச் சுவரில் மோதி நுரை கக்கியது. பிறகு என் காலரைப் பிடித்துத் தூணோடு சேர்த்து அழுத்தினான்.

“என்னா சார் இது? சாபுன் போட்டு நாலு குடும்பத்தக் கழுவி ஊத்தறியா?”

“கைய எடு. இது சயின்ஸ்.”

“சயின்ஸா? பென்ஷன் வருதுல்ல? வீட்ல உக்காந்து டிவி பாரேன்! காலிபீலி, சும்மானாச்சும் எங்க சோத்துல ஏன்யா சாபுன் ஊத்தற?”

மற்ற மூவரும் அவனை இழுத்துப் பிரித்தார்கள். என் கழுத்தில் அவன் விரல்கள் ஐந்தும் சிவப்பாகப் பதிந்திருந்தன. நானும் சும்மா போகவில்லை. “நாளைக்கு மூணாவது. அதோட உன் சுத்தியலுக்கு ரிட்டையர்மென்ட்” என்றேன்.

மறுநாள் காலை பம்பு முனகிக்கொண்டே கூழைத் திணித்துக்கொண்டிருந்தது. பிரஷர் கேஜின் முள் பூஜ்யத்தில் நின்றது. பம்பு அப்படி முனகும்போது முள் அங்கே நிற்க முடியாது. கேஜுக்குப் போகும் குழாயைத் தூள் அடைத்திருக்கிறது. இதை அறிய எனக்கு ஒரு விநாடி போதும். என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். பல ஆலைகளுக்கு நடைமுறை விதிகளை எழுதிக்கொடுத்தவனே நான்தான். நோட்டை எடுத்து, நேரம் போட்டு, ஆங்கிலத்தில் எழுதினேன்: கேஜ் அடைப்பு, பராமரிப்புப் பிரிவு சுத்தம் செய்யவும். கீழே கையெழுத்து. பத்தடி தூரத்தில் அவன் நின்றான். எனக்குக் கழுத்து வலித்தது. அவனிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். வடிந்த தண்ணீரைச் சோதனைக்குப் பிடிக்க மறுபக்கம் போனேன்.

பம்பு நின்றது. வால்வைத் திறந்து உள்ளே அடைபட்ட அழுத்தத்தை வெளியேற்றிய பிறகுதான் தகடுகளைத் தளர்த்த வேண்டும். அவன் முள்ளைப் பார்த்தான். பூஜ்யம். எழுத்து தெரியாதவனுக்கும் பூஜ்யம் தெரியும். வெளியேற்ற ஒன்றுமில்லை என்று வால்வைத் தொடவில்லை. சுத்தியலால் தட்டினான். கணீர். என் திரவம் துணியோரக் கட்டியை மட்டும் முன்கூட்டியே காயவைத்திருந்தது. நடுவில் கூழ் கூழாகவே இருந்தது. பதினைந்து வருடத்தில் அந்த ஓசை அவனிடம் பொய் சொன்னது அன்றுதான். தகடுகளைத் தளர்த்தும் லீவரைத் தள்ளினான்.

தகடுகளின் இடுக்கிலிருந்து கூழ் பட்டாக்கத்தி மாதிரி பாய்ந்து அவன் முகத்தை அறைந்தது. தூக்கி எறியப்பட்டு, முந்தின நாள் என்னை அழுத்திய அதே தூணில் மோதி விழுந்தான். சுத்தியல் ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே போனது. கூழ் பீய்ச்சிக்கொண்டே இருந்தது. நான் ஓடிப்போய் வால்வைத் திறந்தேன். மிகச் சரியான நடைமுறை. தாமதம் ஒன்றுதான் குறை.

குழாயை மெதுவாகத் திறந்து அவன் முகத்தைக் கழுவினோம். சிவப்பு ஓடியது. தண்ணீர் தெளிந்தது. பிறகு இடது கண்ணிலிருந்து மறுபடியும் சிவப்பு வந்தது. அந்த ஆலையில் நான் ரத்தத்தை அடையாளம் கண்டது அப்போதுதான்.

மாலையில் முதலாளி தன் அறையில் இந்தியில் சொன்னார்: “உங்கள் கேனை உதைத்தவன்தானே, சார்? சோதனையைக் கெடுக்க வேண்டுமென்றே திறந்தான் என்று அறிக்கை எழுதிவிடுங்கள். நாளை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார்.”

அப்படி எழுதினால் போசரியில் எந்த ஆலையும் இனி அவனை உள்ளே விடாது. எழுதாவிட்டால், எனக்கு முன்பே தெரியும் என்று என் நோட்டு பேசும். கிழித்துவிடலாம் என்று பார்த்தால், பக்க எண் போட்டுத் தைத்த நோட்டு. அந்த விதியும் நான் வகுத்ததுதான்.

காலையில் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலருகே அவன் மனைவி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். அவனுக்குப் பாதி முகம் கட்டு.

“மூணாவது விழுந்துச்சா சார்?”

“விழல.”

“சத்தம் கணீர்னுதான் கேட்டுச்சு. முள்ளும் ஜீரோ. நான் என்னா தப்பு பண்ணேன், நீயே சொல்லு.”

நோட்டை எடுத்து, எழுதியிருந்ததைத் தமிழில் படித்துக்காட்டினேன்.

“இத எப்ப எழுதுன?”

“நீ தெறக்கறதுக்கு முன்னாடி.”

“நான் அங்கதான நின்னேன்?”

“ஆமா.”

“வாய் இல்லியா உனக்கு?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் முஷ்டி அங்கேயே விழுந்தது. கண்ணாடி ஒரு பக்கம், முன்பல் ஒரு பக்கம். அவன் மனைவி அலறினாள். ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்: “போ. இதயே அங்க போய்ப் படி.”

படித்தேன். ஆலையில் முதலாளி முறைக்க, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, நேரத்தோடு சேர்த்து முழு வரியையும் இன்ஸ்பெக்டருக்குப் படித்துக்காட்டினேன். பத்தடி தூரத்தையும் சொன்னேன். அன்றே என் கேனும் நானும் ஆலையை விட்டு வெளியேற்றப்பட்டோம். மூன்றாவது சோதனை நடக்கவேயில்லை. ஒற்றைக் கண்ணோடு அவன் மறுபடி சுத்தியலைப் பிடித்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் என் வாயைக் காட்டி, இதுவும் அந்த விபத்தில்தானா என்று கேட்டார்.

“இல்லை, வீட்டுப் படியில் தடுக்கி விழுந்தேன்” என்றேன்.

அதையும் நேரம் கேட்டு எழுதிக்கொண்டு, கையெழுத்துக்குத் தன் நோட்டை நீட்டினார். நான் தெரிந்தே கையெழுத்திட்ட பொய் அது ஒன்றுதான்.